54 பேர் ஆதரித்தும் தோற்ற திருத்தம்: ஜோ மான்சினின் துப்பாக்கி வாக்குகள்

2013 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க செனட்டில் ஒரு துப்பாக்கி மசோதாவுக்கான திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. திருத்தம் தோற்றது. 60 வாக்கு கிடைத்தால்தான் நிறைவேறும் என்ற ஏற்பாட்டில் நடந்த வாக்கெடுப்பு அது.

துப்பாக்கி விற்பதற்கு முன்னால் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் உரிமம் பெற்ற கடைக்காரரை மட்டும்தான் அது கட்டுப்படுத்தும். கண்காட்சிகளிலும் இணைய விளம்பரம் மூலமாகவும் தனியார் விற்கும்போதும் அந்தச் சோதனை நடக்க வேண்டும் என்பதுதான் திருத்தத்தின் சாரம். அந்த நாட்களில் வந்த கருத்துக்கணிப்புகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு இந்த யோசனையை ஆதரித்தார்கள்.

கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். மேற்கு வர்ஜீனியாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சின். பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர் பாட் டூமி. தேசிய ரைஃபிள் சங்கம், அதாவது என்.ஆர்.ஏ., இருவருக்குமே 'ஏ' தர மதிப்பீடு கொடுத்திருந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் நம்பிக்கையைப் பெற்ற ஆட்கள் என்று அதற்குப் பொருள்.

மிதவாதி என்று பெயர் வாங்கிய ஒரு செனட்டரின் வாக்குகளை எப்படிப் படிப்பது என்பதற்கு மான்சினைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி விஷயத்தில் தன் மாநிலத்துக்குப் பிடிக்காத வாக்கை அவர் துணிந்து போட்டார், அதற்கான விலையையும் கொடுத்தார். ஆனால் அந்த வாக்கை வீணாக்கிய 60 வாக்கு விதியில் கைவைக்கக் கடைசிவரை மறுத்துவிட்டார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய பதிவேடு புரியும்.

மாநிலமும் மனிதரும்

மான்சின் 1947இல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் என்ற சின்ன நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். 2005 முதல் 2010 வரை மாநில ஆளுநர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக செனட்டராக இருந்த ராபர்ட் பேர்ட் 2010 ஜூனில் இறந்ததும், அந்த இடத்துக்கு நடந்த சிறப்புத் தேர்தலில் நின்றார்.

அந்தத் தேர்தலுக்கு அவர் எடுத்த ஒரு விளம்பரம் இன்றைக்கும் பேசப்படுகிறது. வெட்டவெளியில் வேட்டைத் துப்பாக்கியோடு நிற்கிறார். என்.ஆர்.ஏ. தன்னை ஆதரிப்பதைச் சொல்கிறார். ஒபாமா அரசு கொண்டுவர நினைத்த கார்பன் வெளியேற்றக் கட்டுப்பாட்டு மசோதாவின் தாள் தூரத்தில் இலக்காக மாட்டப்பட்டிருக்கிறது. குண்டைப் போட்டு, குறி பார்த்து, அதைச் சுடுகிறார். அரை நிமிட விளம்பரம். தான் எந்தக் கட்சியில் இருந்தாலும் வாஷிங்டன் சொல்வதைக் கேட்பவன் இல்லை என்பதை அந்த மாநிலத்து வாக்காளருக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அந்த வாக்காளரையும் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் மான் வேட்டை குடும்ப வழக்கம். நவம்பர் கடைசியில் வேட்டைக் காலம் தொடங்கும் வாரத்தில் பல கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், பள்ளிகளுக்கே விடுமுறை. அப்பா பிள்ளைக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அங்கே வளர்ப்பின் ஒரு பகுதி. 2012 தேர்தலில் மாநிலத்தின் 55 கவுண்டிகளில் ஒன்றில்கூட ஒபாமா ஜெயிக்கவில்லை. அதே நாளில், அதே வாக்காளர்களிடம், மான்சின் சுமார் 60 சதவீத வாக்கோடு செனட்டுக்கு மறுபடி தேர்வானார். கட்சியைப் பிடிக்காதவர்கள் ஆளைப் பிடித்து வாக்களித்தார்கள்.

பழைய காயம் ஒன்றும் கட்சியின் நினைவில் இருந்தது. 2000 அதிபர் தேர்தலில் அல் கோர் மேற்கு வர்ஜீனியாவை இழந்தார். அந்த மாநிலத்தின் 5 தேர்வாளர் வாக்குகள் மட்டும் கிடைத்திருந்தால் அவர் அதிபராகியிருப்பார். முந்தைய ஆண்டு, கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, துப்பாக்கிக் கண்காட்சி விற்பனைக்குச் சோதனை கொண்டுவரும் திருத்தம் செனட்டில் 51-50 என்று ஜெயித்தது. துணை அதிபராகச் சமநிலையை உடைத்து அந்த 51ஆவது வாக்கைப் போட்டவர் கோர். அது சட்டமாகவில்லை. ஆனால் துப்பாக்கியைத் தொட்டால் கிராமப்புற மாநிலங்கள் கைவிட்டுப் போகும் என்ற பாடம் மட்டும் ஜனநாயகக் கட்சிக்குள் ஊறிப்போனது. அந்தப் பாடம் சரிதானா என்று பத்தாண்டுக்கும் மேலாக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நியூடவுனுக்குப் பிறகு

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில், 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகள் எல்லாரும் ஆறு, ஏழு வயதுக்காரர்கள்.

மூன்றாம் நாள் காலை மான்சின் தொலைக்காட்சியில் பேசினார். தானும் குடும்பத்தோடு வேட்டைக்குப் போய்விட்டு வந்தவன்தான் என்றார். வேட்டைக்குப் போகிற யாரும் தாக்குதல் வகை ரைஃபிளை எடுத்துப் போவதைத் தான் பார்த்ததில்லை, மானைச் சுட 30 குண்டு பிடிக்கும் கூடு யாருக்கும் தேவைப்படுவதில்லை என்றார். எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துப் பேசுவோம் என்றார். 'ஏ' தரம் பெற்ற ஒருவர் வாயிலிருந்து இது வந்ததால்தான் வாஷிங்டன் திரும்பிப் பார்த்தது.

ஆனால் அவர் பேசியதற்கும் பின்னால் வாக்களித்ததற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. தாக்குதல் வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் டயான் ஃபைன்ஸ்டைனின் திருத்தம் அதே ஏப்ரல் 17 அன்று வந்தபோது மான்சின் எதிர்த்து வாக்களித்தார். அது 40-60 என்று தோற்றது. ஆயுதத்தைத் தொட வேண்டாம், அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்ப்போம் என்று நான்கு மாதத்தில் தன் எல்லையைச் சுருக்கிக்கொண்டார். இதை நான் பின்வாங்கல் என்று சொல்ல மாட்டேன். சட்டப்படி வாங்கி வைத்திருக்கும் ஒருவரின் பொருளை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பயம்தான் அந்த மாநிலத்தில் பெரியது. அதைக் கிளறாமல் எதைச் செய்ய முடியுமோ அதைத் தேர்ந்தெடுத்தார்.

கவுன்டரில் என்ன நடக்கிறது

சோதனை என்பதைக் கேட்கும்போது பெரிய விசாரணை மாதிரித் தோன்றும். நடப்பது இதுதான். கடைக்குப் போய் ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தால், 4473 என்ற எண்ணுள்ள படிவத்தைக் கொடுப்பார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி. அப்புறம் வரிசையாகக் கேள்விகள். கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கிறீர்களா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா, மனநலக் காப்பகத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதுண்டா, சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்படுத்துகிறீர்களா. கையெழுத்திட்டதும் கடைக்காரர் தொலைபேசியிலோ கணினியிலோ தகவலை அனுப்புவார். மூன்றில் ஒரு பதில் வரும்: கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது, பொறுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பொறுங்கள் என்று வந்து, மூன்று வேலை நாட்களுக்குள் முடிவு வராவிட்டால் கடைக்காரர் தன் விருப்பப்படி விற்றுவிடலாம்.

1993இல் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட பிரேடி சட்டம் இதற்கு அடிப்படை. கணினி முறை 1998 நவம்பரில் வேலைக்கு வந்தது. அதை நடத்துவது எஃப்.பி.ஐ. நடக்கும் இடம் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க். மான்சின் பிறந்த ஊருக்குப் பக்கம்தான். நாடு முழுக்க எந்தக் கடையில் துப்பாக்கி வாங்கினாலும் வாங்குபவரின் பெயரைத் தேடும் முறையை நடத்துகிறவர்கள் அவருடைய மாநிலத்தில் வேலை பார்ப்பவர்கள். அந்த மாநிலத்துச் செனட்டர் இந்த முறையை விரிவாக்கக் கேட்டதில் இப்படி ஒரு பொருத்தமும் இருந்தது.

ஓட்டை எங்கே என்றால், ஒரு கண்காட்சி அரங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை போட்டிருப்பார்கள். ஒன்றில் உரிமம் உள்ள வியாபாரி. அவர் படிவம் கொடுத்துச் சோதித்தாக வேண்டும். இன்னொன்றில் உரிமம் இல்லாத தனிநபர், தன் சேகரிப்பிலிருந்து விற்கிறார். கூட்டாட்சிச் சட்டப்படி அவர் எதையும் சோதிக்க வேண்டியதில்லை. முதல் மேசையில் மறுக்கப்பட்டவர் இரண்டடி நகர்ந்து அடுத்த மேசையில் வாங்கிக்கொண்டு போகலாம். சில மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தால் இதை அடைத்திருந்தன. மற்ற இடங்களில் திறந்தே கிடந்தது.

மான்சின்-டூமி திருத்தம் இந்த இரண்டாவது மேசையையும், விளம்பரம் பார்த்து நடக்கும் விற்பனையையும் சோதனைக்குள் கொண்டுவந்தது. குடும்பத்துக்குள்ளும், விளம்பரமில்லாமல் நண்பர்களுக்குள்ளும் கைமாறுவதை விட்டுவிட்டது. தாத்தா பேரனுக்குக் கொடுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்குப் படிவம் கிடையாது. தேசியப் பதிவேடு உருவாக்குவதைத் தெளிவாகத் தடை செய்தது. அப்படி உருவாக்கும் அரசு அதிகாரிக்கு 15 ஆண்டு வரை சிறை என்றும் எழுதியது. சோதனைப் பதிவுகளை ஒழுங்காக அனுப்ப மாநிலங்களுக்குப் பணம், கூட்டக்கொலைகளை ஆராய ஓர் ஆணையம் ஆகியவையும் அதில் இருந்தன.

துப்பாக்கி உரிமையை உயிராக நினைப்பவர் பயப்படக்கூடிய ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வைத்த திருத்தம் அது. அதனால்தான் அதன் தோல்வி என்னை இன்னும் உறுத்துகிறது.

ஒரு நேர்மையான எதிர்வாதமும் உண்டு. சாண்டி ஹூக் கொலையாளி பயன்படுத்திய துப்பாக்கிகள் அவனுடைய தாய் சட்டப்படி வாங்கியவை. இந்தத் திருத்தம் இருந்திருந்தாலும் அந்தப் படுகொலை நின்றிருக்காது. எதிர்த்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கியால் கொல்லப்படுகிறவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கூட்டக்கொலைகளில் சாவதில்லை. தெருவிலும் வீட்டுக்குள்ளும் ஒருவர் இருவராகச் சாகிறார்கள். அந்தச் சாவுகளில் துப்பாக்கி எப்படிக் கைக்கு வந்தது என்ற கேள்விக்குத்தான் இந்தச் சோதனை பதில் தேடியது.

ஏழு நாள்

ஏப்ரல் 8 அன்று ஒபாமா கனெக்டிகட்டில் பேசிவிட்டுத் திரும்பும்போது, பிள்ளைகளை இழந்த பெற்றோர் சிலரைத் தன் விமானத்திலேயே வாஷிங்டனுக்கு அழைத்து வந்தார். அவர்கள் செனட்டர்களின் அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினார்கள். 10ஆம் தேதி மான்சினும் டூமியும் உடன்பாட்டை அறிவித்தார்கள். 11ஆம் தேதி விவாதத்தைத் தொடங்கலாமா என்ற வாக்கெடுப்பில் 68-31 என்று ஆதரவு வந்தது. 68ஐப் பார்த்தவர்கள் இது ஜெயித்துவிடும் என்று நம்பினார்கள்.

என்.ஆர்.ஏ. எதிர்த்தது. இந்த வாக்கைத் தன் மதிப்பெண் பட்டியலில் சேர்க்கப் போவதாகவும் சொன்னது. இது சாதாரண எச்சரிக்கை இல்லை. அந்தப் பட்டியலில் ஒரு செனட்டரின் தரம் இறங்கினால், அடுத்த தேர்தலில் அவருடைய மாநிலத்தில் உள்ள உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அந்தத் தகவல் போய்ச் சேரும். கட்சிக்குள்ளேயே எதிர்த்துப் போட்டியிட ஆள் கிளம்பும். என்.ஆர்.ஏ. அதைக் கணக்கில் சேர்க்காமல் இருந்திருந்தால் 70 பேர் ஆதரித்திருப்பார்கள் என்று மான்சின் பின்னால் சொன்னார்.

இதே அமைப்பின் தலைமை நிர்வாகி வேய்ன் லாபியேர், 1999 மே மாதம் நாடாளுமன்றக் குழு முன்னால், ஒவ்வொரு கண்காட்சி விற்பனைக்கும் உடனடிச் சோதனை இருப்பது நியாயம் என்று சாட்சி சொன்னவர். 2013இல் நிலைப்பாடு தலைகீழாகிவிட்டது. குற்றவாளிகள் எப்படியும் சோதனைக்கு வர மாட்டார்கள், அலைச்சல் நேர்மையானவர்களுக்குத்தான் என்பது புதிய வாதம். துப்பாக்கி உரிமைக்காக இயங்கும் இன்னோர் அமைப்பு முதலில் திருத்தத்தை ஆதரித்துவிட்டு, வாக்கெடுப்பு நாளில் ஆதரவை விலக்கிக்கொண்டது.

வாக்கெடுப்பு நாளில் துணை அதிபர் ஜோ பைடன் அவைக்குத் தலைமை தாங்கினார். உடம்பு முடியாமல் இருந்த நியூஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பர்க், 1999 திருத்தத்தைக் கொண்டுவந்தவர், சக்கர நாற்காலியில் வந்து ஆதரித்து வாக்களித்தார். ஆறேழு வாரத்தில் அவர் இறந்துபோனார். முடிவை பைடன் வாசித்ததும் பார்வையாளர் மாடத்திலிருந்து பெண்குரல்கள் எழுந்தன. "வெட்கக்கேடு!" துப்பாக்கிச் சூடுகளோடு தங்கள் வாழ்க்கையில் நேரடித் தொடர்புள்ள பெண்கள் அவர்கள். அன்று மாலை வெள்ளை மாளிகைத் தோட்டத்தில், அந்தப் பெற்றோர் பக்கத்தில் நிற்க, இது வாஷிங்டனுக்கு வெட்கப்பட வேண்டிய நாள் என்றார் ஒபாமா.

குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரித்தவர்கள் நான்கு பேர்: டூமி, மெய்னின் சூசன் காலின்ஸ், இல்லினாயின் மார்க் கிர்க், அரிசோனாவின் ஜான் மெக்கெய்ன். ஜனநாயகக் கட்சியிலிருந்து எதிர்த்தவர்களும் நான்கு பேர்: மொன்டானாவின் மேக்ஸ் பாகஸ், அலாஸ்காவின் மார்க் பெகிச், வட டகோட்டாவின் ஹைடி ஹைட்கேம்ப், ஆர்கன்சாவின் மார்க் பிரையர். செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஹாரி ரீடும் எதிர்ப்புப் பக்கம் வாக்களித்தார். பிறகு மறுபரிசீலனை கேட்கும் உரிமை வாக்கெடுப்பில் வென்ற பக்கத்தாருக்கு மட்டுமே உண்டு என்ற அவை விதிக்காகப் போட்ட வாக்கு அது. ஆகவே உண்மையான ஆதரவு 55. அந்த நான்கு ஜனநாயகக் கட்சியினரும் வந்திருந்தாலும் 59தான். இன்னும் ஒருவர் வேண்டியிருந்தது.

ஒரே நாளின் மற்ற வாக்குகள்

ஒரு செனட்டரை ஒரு வாக்கை வைத்து அளக்கக் கூடாது என்பதற்கு அதே நாளில் நடந்த இன்னொரு வாக்கெடுப்பே சான்று. ஒரு மாநிலம் கொடுத்த, துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி மற்ற மாநிலங்களிலும் செல்லும் என்று ஆக்கும் திருத்தத்தை டெக்சாஸ் செனட்டர் ஜான் கார்னின் கொண்டுவந்தார். அதற்கு 57 வாக்கு கிடைத்தது. மான்சின்-டூமியைவிட மூன்று அதிகம். அதுவும் 60 தொடாததால் தோற்றது. ஆதரித்த 13 ஜனநாயகக் கட்சியினரில் மான்சினும் ஒருவர்.

ஆக ஒரே நாளில் சோதனை விரிவாக்கத்துக்கு ஆம், ஆயுதத் தடைக்கு இல்லை, மறைத்து எடுத்துச் செல்லும் உரிமைக்கு ஆம். கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியும். மேற்கு வர்ஜீனியாவில் இருந்து பார்த்தால் ஒரே கோடுதான். சட்டத்தை மதிக்கிறவனைத் தொந்தரவு செய்யாதே, அவன் யார் என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள். நடுவில் நிற்பதற்காகப் பாதி அங்கே பாதி இங்கே என்று பிரித்துப் போட்ட வாக்குகளாக இவை எனக்குத் தெரியவில்லை.

பயந்தது நடந்ததா?

எதிர்த்த நான்கு ஜனநாயகக் கட்சியினரில் ஹைட்கேம்ப் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. தன் அலுவலகத்துக்கு வந்த அழைப்புகளில் எதிர்ப்பு ஏழு, ஆதரவு ஒன்று என்ற விகிதம் இருந்ததாகச் சொன்னார். கருத்துக்கணிப்பில் பத்துக்கு ஒன்பது ஆதரவு, தொலைபேசியில் எட்டுக்கு ஏழு எதிர்ப்பு. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கேட்டால் ஆதரிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் ஏராளம். அதற்காகப் போனை எடுத்துக் கூப்பிடுகிறவர், அந்த ஒரு காரணத்துக்காகவே வாக்கை மாற்றிப் போடுகிறவர் மறுபக்கத்தில் அதிகம். என்.ஆர்.ஏ.வின் பலம் அதன் பணத்தில் இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது இந்தத் தொலைபேசிகளில்தான் இருந்தது.

அவர்கள் பயந்து போட்ட வாக்கு அவர்களைக் காப்பாற்றியதா? பாகஸ் வாக்கெடுப்பு முடிந்த அடுத்த வாரமே மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். பிரையரை எதிர்த்து, நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் ஆதரித்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு விளம்பரம் ஓட்டியது. அவர் அதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளப் பார்த்தார். ஒபாமாவின் துப்பாக்கிச் சட்டத்தை எதிர்த்ததால் நியூயார்க் மேயர் என்னை அடிக்கிறார் என்று பதில் விளம்பரம் எடுத்தார். 2014இல் குடியரசுக் கட்சியின் டாம் காட்டனிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். பெகிச்சும் அதே ஆண்டு தோற்றார். ஹைட்கேம்ப் 2018இல் தோற்றார். 2019 ஜனவரி வந்தபோது அந்த நால்வரில் ஒருவர்கூட செனட்டில் இல்லை.

இதை வைத்து, துணிந்து ஆதரித்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆதரித்து வாக்களித்த லூசியானாவின் மேரி லாண்ட்ரூ, வட கரோலினாவின் கே ஹேகன் இருவரும் 2014இல் தோற்றவர்கள்தான். இல்லினாயில் கிர்க் 2016இல் தோற்றார். மறுபக்கம், நியூ ஹாம்ப்ஷயரின் குடியரசுக் கட்சி செனட்டர் கெல்லி அயோட் எதிர்த்து வாக்களித்தார். சில நாளிலேயே ஊர்க்கூட்டத்தில், சாண்டி ஹூக்கில் கொல்லப்பட்ட ஒருவரின் மகள் எழுந்து அவரை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். 2016இல் அயோட் ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் பதவியை இழந்தார். டூமி அதே ஆண்டு ஒன்றரை சதவீதப் புள்ளி அளவில் தப்பினார். தலையில் சுடப்பட்டு உயிர் பிழைத்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸின் அமைப்பு அவரை ஆதரித்தது.

சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு வாக்கு யாரையும் தனியாக மூழ்கடிக்கவும் இல்லை, கரையேற்றவும் இல்லை. பெரும்பாலானவர்களின் தலைவிதியை எழுதியது அவரவர் மாநிலம் எந்தக் கட்சிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது என்பதுதான். அப்படியென்றால், பதவி போய்விடும் என்று பயந்து ஒரு நல்ல சட்டத்தை எதிர்த்தவர்கள் எதைக் காப்பாற்றிக்கொண்டார்கள்? இந்தக் கேள்வியை அந்தக் காலத்து ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

மான்சினுக்கு என்ன ஆனது? 2013 ஜூனில் என்.ஆர்.ஏ. அவருடைய மாநிலத்தில் ஒரு லட்சம் டாலர் செலவில் அவரைத் தாக்கி விளம்பரம் ஓட்டியது. அவரும் பதில் விளம்பரம் எடுத்தார், மறுபடி கையில் துப்பாக்கியோடு. என்.ஆர்.ஏ.வைக் கூப்பிட்டு, சோதனையை ஆதரிக்கச் சொல்லுங்கள் என்று தன் வாக்காளர்களிடம் கேட்டார். அவருடைய தரம் 'ஏ'யிலிருந்து 'டி'க்கு இறங்கியது. டிரம்ப் 42 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருந்த அந்த மாநிலத்தில், 2018 தேர்தலில், சுமார் மூன்று புள்ளி வித்தியாசத்தில் மான்சின் மறுபடி ஜெயித்தார். 'டி' வாங்கியும் ஜெயிக்கலாம் என்று காட்டினார். ஆனால் 60 சதவீதம் வாங்கியவர் 50க்குக் கீழே வந்துதான் தப்பினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுபடி மறுபடி

2015 டிசம்பர் 2 அன்று கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் மான்சின்-டூமி திருத்தம் மறுபடி வந்தது. இந்த முறை 48-50. இடையில் நடந்த தேர்தலில் ஆதரவாளர்கள் பலர் போயிருந்தார்கள். 2016 ஜூனில் ஆர்லாண்டோ இரவு விடுதியில் 49 பேர் கொல்லப்பட்ட பிறகு நான்கு யோசனைகள் ஒரே நாளில் தோற்றன. விமானத்தில் ஏறத் தடையுள்ளவர்களுக்குத் துப்பாக்கி விற்பதைத் தடுக்க சூசன் காலின்ஸ் ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தார். அதைக் கிடப்பில் போடும் தீர்மானம் 46-52 என்று தோற்றது. அவையில் பாதிக்கு மேல் தன் பக்கம் இருந்தும், 60 இல்லாததால் திட்டம் அங்கேயே நின்றுபோனது.

60 என்ற முடிச்சு

செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வர 60 பேர் சம்மதம் வேண்டும். ஃபிலிபஸ்டர் என்று சொல்லப்படும் இந்த முறையில் 60 என்ற எண் 1975இல் வந்தது. ஏற்கெனவே 18 லட்சம் பேர் வாழும் மேற்கு வர்ஜீனியாவுக்கும் கிட்டத்தட்ட நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர் என்ற அமைப்பு. அதன் மேல் இது.

மான்சின் இந்த விதியின் தீவிரமான காவலர். 2013 நவம்பரில், தன் திருத்தம் செத்து ஏழே மாதத்தில், நீதிபதி, உயர் அதிகாரி நியமனங்களுக்கு இந்த விதியைத் தளர்த்தும் முயற்சியை எதிர்த்த மூன்று ஜனநாயகக் கட்சியினரில் ஒருவர். 2022 ஜனவரியில் வாக்குரிமைச் சட்டத்துக்காக விதியை மாற்றும் முயற்சியை, அரிசோனாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிர்ஸ்டன் சினிமாவோடு சேர்ந்து 48-52 என்று தோற்கடித்தார். சின்ன மாநிலமும் சிறுபான்மையும் குரல் இழக்கக் கூடாது என்பது அவருடைய வாதம். அவை விதிகளைக் கரைத்துக் குடித்த பேர்டின் நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ற எண்ணமும் அவருக்கு உண்டு.

அவருக்காக ஒரு வாதத்தை நானே சொல்கிறேன். 2013இல் 60 விதி இல்லாதிருந்தால், மான்சின்-டூமி ஜெயித்த அதே நாளில் 57 வாக்கு பெற்ற கார்னின் திருத்தமும் ஜெயித்திருக்கும். தளர்வான மாநிலத்தில் வாங்கிய அனுமதியோடு நியூயார்க் தெருவில் துப்பாக்கியை மறைத்து நடக்கலாம் என்றாகியிருக்கும். அப்போது பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியிடம் இருந்ததால், சோதனைத் திருத்தம் அங்கே போய் நின்றுபோயிருக்கவும் வாய்ப்பு அதிகம். அதனால் 2013 தோல்விக்கு அவருடைய விதிப்பற்றைக் குறை சொல்வது நியாயமாகாது.

2021-22 வேறு கதை. வெள்ளை மாளிகை, பிரதிநிதிகள் சபை, துணை அதிபர் வாக்கோடு 50-50 செனட் மூன்றும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. டூமி இன்னும் செனட்டில் இருந்தார், காலின்ஸும் இருந்தார். பிரதிநிதிகள் சபை நிறைவேற்றி அனுப்பிய பரந்த சோதனை மசோதாவை மான்சின் ஏற்கவில்லை. நானும் டூமியும் 2013இல் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்றார். சரி, அப்படியே இருக்கட்டும். அந்த 2013 திருத்தத்தையே சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றும் வழி அந்த இரண்டு ஆண்டில் இருந்தது. அந்த வழியின் சாவி அவர் கையிலும் சினிமா கையிலும் இருந்தது. அவர் திறக்கவில்லை. நியூடவுன் பெற்றோரிடம் கண்கலங்கப் பேசியவர், எட்டு ஆண்டு தூக்கிச் சுமந்த திருத்தத்தைவிட அவை நடைமுறையைப் பெரிதாக நினைத்தார். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

2022இல் கிடைத்தது

2022 மே 14 அன்று நியூயார்க் மாநிலம் பஃபலோவில் 10 பேர். மே 24 அன்று டெக்சாஸ் மாநிலம் யுவால்டியில், ஒரு தொடக்கப் பள்ளியில், 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும். ஜூன் 12 அன்று இரு கட்சியிலும் பத்துப் பத்துப் பேராக 20 செனட்டர்கள் ஓர் உடன்பாட்டை அறிவித்தார்கள். மான்சினும் டூமியும் அதில் இருந்தார்கள். முன்னின்று பேசியவர்கள் கிறிஸ் மர்ஃபி, கார்னின், சினிமா, தாம் டில்லிஸ். ஜூன் 23 அன்று செனட்டில் 65-33. குடியரசுக் கட்சியிலிருந்து 15 பேர். மேற்கு வர்ஜீனியாவின் இன்னொரு செனட்டர் ஷெல்லி மூர் கேப்பிட்டோவும் அதில் ஒருவர். 25ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தில் வந்தவை இவை: 21 வயதுக்குக் கீழே உள்ளவர் வாங்கும்போது சிறார் பதிவுகளையும் பார்க்க 10 வேலை நாள் வரை அவகாசம். மணமாகாத இணையை அடித்துத் தண்டனை பெற்றவர்களுக்கும் தடை. வேறொருவருக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பது கூட்டாட்சிக் குற்றம். ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் சட்டம் போன்றவற்றை நடத்த மாநிலங்களுக்கு 75 கோடி டாலர். உரிமம் எடுத்தாக வேண்டிய வியாபாரி யார் என்ற வரையறையையும் கொஞ்சம் விரித்தார்கள்.

மான்சினின் ஆதரவாளர்கள் இந்த 65ஐக் காட்டி, பொறுமைக்குக் கிடைத்த பலன் என்பார்கள். இரு கட்சியும் சேர்ந்து போட்ட சட்டத்தை அடுத்த தேர்தலில் சுலபமாக உடைக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் 2013இல் 54 பேர் ஆதரித்த முக்கிய விதி, அந்த இரண்டாவது மேசைக்குச் சோதனை, 65 பேர் ஆதரித்த சட்டத்தில் இல்லை. 60ஐத் தாண்ட வேண்டும் என்பதற்காகப் பேச்சுவார்த்தை மேசையிலேயே அதை விட்டுவிட்டார்கள்.

டூமி 2023 ஜனவரியில் செனட்டை விட்டுப் போனார். மான்சின் 2024 மே மாதம் ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகிச் சுயேச்சையானார், மறுபடி நிற்கவில்லை, 2025 ஜனவரியில் பதவி முடிந்தது. அந்த இடத்துக்குக் குடியரசுக் கட்சியின் ஜிம் ஜஸ்டிஸ் வந்திருக்கிறார். மேற்கு வர்ஜீனியா 2016இலேயே, ஆளுநரின் மறுப்பை மீறி, அனுமதிச் சீட்டே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் போட்டுவிட்டது. தனியார் விற்பனைக்கும் ஏதாவது ஒரு வகையில் சோதனை வேண்டும் என்று சொந்தச் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் சுமார் 20. மேற்கு வர்ஜீனியா அதில் இல்லை.